அதே அளவில் இன்னொரு இலை

சாப்பாட்டைப் பற்றிப் பொய் சொல்லாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. ஊட்டச்சத்து படித்து முடித்த நாளிலிருந்து இதுதான் என் பிழைப்பு. வீடு வீடாகப் போய், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன். மூன்று பழம்பொரி, அதுதான் நேந்திரம்பழ பஜ்ஜி, தின்றவர் ஒன்று என்பார். சர்க்கரையே தொடுவதில்லை என்பவரின் காபி டம்ளரைச் சுற்றி எறும்பு ஊரும். ஊறுகாயை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. எல்லோரும் குறைத்துத்தான் சொல்வார்கள். நான் முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டு மனதுக்குள் இரண்டால் பெருக்கிக்கொள்வேன்.

அதனால்தான் எங்கள் ஆய்வில் வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம் என்று முடிவாயிற்று. வயதானவர்களின் வீட்டுச் சாப்பாட்டில் உள்ள உப்பும் சர்க்கரையும் இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் எப்படிக் கொண்டுவருகின்றன, எதைக் குறைத்தால் வராமல் தடுக்கலாம் என்பதுதான் ஆய்வு. அதற்கு ஒரு முறை இருக்கிறது. எதைச் சாப்பிட்டாலும் அதே அளவு இன்னொரு பங்கு எடுத்து நாங்கள் தரும் எவர்சில்வர் டப்பாவில் போட்டுவிட வேண்டும். எங்கள் வண்டி வந்து எடுத்துப்போகும். ஆய்வகத்தில் அரைத்து, அதில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று அளப்போம். கூடவே சிறுநீரையும் தனிக் குப்பியில் தரச் சொல்வோம். வாய் பொய் சொல்லும், டப்பாகூடச் சொல்லும், சிறுநீர் சொல்லாது.

மலையாளம் பேசும் இந்த நகரத்தில் எனக்குக் கிழக்கேகோட்டைப் பக்கத்தைக் கொடுத்தார்கள். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் இருக்கும் மாமிகளோடு பேசத் தமிழ்ப் பெண்ணான நீதான் சரி, ஷிஜா என்றார் எங்கள் டாக்டர் சபீனா. அந்தத் தமிழுக்கும் எங்கள் வீட்டுத் தமிழுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அவருக்கு எங்கே தெரியும்! என் அப்பா இசக்கிப்பாண்டி வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். தம்பானூரில் ஒரு ஹோட்டல் அடுப்படியில் நிற்கிறார். அக்கிரகாரத்து நடைக்குள் எங்கள் வீட்டிலிருந்து முதலில் கால் வைத்தவள் நான்தான்.

ஜெயலக்ஷ்மி மாமி அந்த வீட்டில் தனியாக இருந்தாள். அறுபத்தைந்துக்கு மேல் வயது, நல்ல கட்டுமஸ்தான உடம்பு. அழுத்தம் இல்லை, சர்க்கரை இல்லை. கணவர் ஸ்ரீகண்டன் கோயில் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், முந்தின வருடம் போய்விட்டார். மகன் வெங்கிடேஷ் பெங்களூரில் இருந்தார். முதல் நாள் எனக்குத் தனி டம்ளரில் காபி தந்தாள். குடித்ததும் நானே கழுவிக் கவிழ்த்து வைத்தேன். எங்களுக்கு இதெல்லாம் பழக்கம். அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டாள், சொன்னேன்.

"ஹோட்டலா? எங்காத்து மாமாவுக்கு ஹோட்டல்னா ஆகவே ஆகாது, கேட்டியா. வெளியில பச்சத் தண்ணிகூடக் குடிக்கமாட்டார். வேத்து மனுஷா சமைச்சதைக் கையால தொடமாட்டார். காசிக்குப் போனப்போ நான் அரிசியும் ஸ்டவ்வுமாத்தான் வண்டி ஏறினேன்."

"அப்போ உங்க பாடு திண்டாட்டம்தான் மாமி."

"அது என்ன பாடு? கடைசியில பட்டதுதான் பாடு. பிரஷர், சுகர், அப்புறம் கிட்னியும் போச்சு. உப்பு கூடாது, பருப்பு கூடாது, பழம் கூடாதுன்னு டாக்டர் எல்லாத்தையும் நிறுத்திட்டார். நான்தான் அளந்து அளந்து போடுவேன். ஒரு நாள் இலையைப் பாத்துண்டே, ‘இது சோறா, ஜயா?’ன்னு கேட்டார். அதுக்கப்புறம் கேக்கவே இல்லை. பசியோடதான் போனார்."

அவள் கண் நிறைந்தது. எனக்கும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாங்கள் அச்சடித்துத் தரும் உணவு அட்டவணைகளுக்குப் பின்னால் இப்படி ஒரு சாப்பாட்டு நேரம் இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது.

அவர் காரியத்தன்று நடந்ததையும் மாமி தானாகவே சொன்னாள். துக்க வீட்டுச் சாப்பாடு முடிந்தால் இலையை எதிர்ப்பக்கமாக மடிப்பார்கள். போனவர் போனதுதான், இப்படி ஒரு சாப்பாடு இனி வேண்டாம் என்று அர்த்தம். கல்யாணச் சாப்பாட்டில்தான் நம் பக்கமாக மடிப்போம், உறவு தொடரட்டும் என்று. எங்கள் ஊரிலும் அதே வழக்கம்தான். பந்தியில் எல்லோரும் இலையை எதிர்ப்பக்கம் தள்ளி மடிக்கப்போனபோது மாமிக்குப் பொறுக்கவில்லையாம். நடுவில் போய் நின்று, எல்லாரும் உங்க பக்கமா மடிங்கோ என்று கத்தியிருக்கிறாள். சாஸ்திரிகள் கூடாது என்று தடுத்திருக்கிறார். அவள் அழுத அழுகையைப் பார்த்துப் பந்தியில் இருந்தவர்கள் அவள் சொன்னபடியே மடித்துவிட்டு எழுந்தார்களாம்.

"தப்புத்தான். ஆனா எனக்கு மனசு கேக்கலை," என்றாள்.

நான் பேச்சை மாற்றி டப்பாவை எடுத்து வைத்து முறையை விளக்கினேன். மாமிக்கு அளவில் குழப்பம் வந்தது. அவள் இலையில்தான் சாப்பிடுவாள், கொல்லையில் வாழை நின்றது. அவளுக்கு எளிதாக இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன்.

"ரெண்டு இலை போட்டிருங்க மாமி. ரெண்டு பேருக்கு வெளம்புற மாதிரி ஒரே அளவா வெளம்புங்க. ஒண்ணு நீங்க சாப்பிடுங்க, மத்தது டப்பாவுக்கு."

"தினமும் ரெண்டு இலை போடணுமா?"

"தினமும்தான்."

மாமியின் முகம் மலர்ந்துவிட்டது. ஆய்வில் சேர்ந்ததற்காக யாரும் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. தனிமை போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

டப்பாக்கள் வர ஆரம்பித்தன. எங்கள் வண்டி ஓட்டும் லிஜோ எடுத்து வருவான். மற்ற வீட்டு டப்பாக்களில் ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கும். ஆய்வுக்குப் போகிறது என்றதும் எல்லோருக்கும் திடீரென்று கீரை மேல் பக்தி வந்துவிடும். மாமியின் டப்பாவைத் திறந்தாலோ ஆய்வகமே திரும்பிப் பார்க்கும். முதலில் ரசமும் கத்திரிக்காயுமாக இருந்தது. நாள் போகப் போக அது விருந்தாயிற்று. அவியல், எரிசேரி, நெய் மிதக்கும் சாம்பார், மிளகு வடை, பால் பாயசத்தில் ஊறிய போளி. இந்த ஊரில் போளியைப் பாயசத்தோடு சேர்த்துத்தான் சாப்பிடுவார்கள். உப்பு, நெய், சர்க்கரை எல்லாமே அளவுக்கு மேல். இப்படிச் சாப்பிட்டால் அடுத்த ஓணத்துக்குள் மாமியும் மாத்திரைக்காரிதான் என்று லிஜோவிடம் கேலி செய்தேன்.

எடை பார்க்கப் போனபோது மாமி இளைத்திருந்தாள். அடுத்த முறை போனபோது இன்னும் இளைத்திருந்தாள். ஒற்றை வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. ரவிக்கை தோளில் நிற்கவில்லை. சிறுநீர்ச் சோதனை முடிவு வந்ததும் நான் நம்பாமல் மறுபடி சோதிக்கச் சொன்னேன். அந்த உடம்புக்குள் உப்பு போன அடையாளமே இல்லை. புரதமும் போகவில்லை. நாள்கணக்கில் பட்டினி கிடப்பவர்களுக்கு வருவது மட்டும்தான் அதில் இருந்தது.

டாக்டர் சபீனாவுக்கு இதில் குழப்பமே இல்லை. கணவர் போன துக்கத்தில் மாமி சாப்பிடுவதை விட்டிருக்கிறாள், நமக்காகச் சமைத்து டப்பாவில் மட்டும் போடுகிறாள் என்றார். "அவர் கள்ளம் பறயுகயா, ஷிஜே," பொய் சொல்கிறார் என்று முடித்துவிட்டார். அப்படித்தான் இருக்க வேண்டும். எல்லோரும் சாப்பிட்டதைக் குறைத்துச் சொல்ல, இவள் ஒருத்தி கூட்டிச் சொல்கிறாள், வேறென்ன என்று நானும் நினைத்தேன்.

லிஜோதான் வேறு மாதிரி சொன்னான். "சேச்சி, ஆ வீட்டில் வேற ஆரோ உண்டு." மதியம் டப்பா எடுக்கப் போகும்போது மாமி யாரையோ உபசரிக்கும் சத்தம் கேட்குமாம். இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்கோ, இனிமே யார் தடுக்கப்போறா என்பாளாம். பதில் குரல் வந்ததில்லை. ஆனால் ஒரு நாள் மாமி வாசலில் நின்று இவனிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே யாரோ மோரை உறிஞ்சும் சத்தம் கேட்டதாம். அதன் பிறகு அவன் படி ஏறுவதில்லை. மாமி டப்பாவை வெளியே கொண்டுவந்து வைத்தால் எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிடுவான்.

"டிவியா இருக்கும்டா," என்றேன். அந்த வீட்டில் டிவி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

மாமியை வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். குடல், தைராய்டு, நெஞ்சு என்று எல்லாம் பார்த்தார்கள். நோய் என்று எதுவும் இல்லை, சாப்பிட வையுங்கள், இப்படியே போனால் இதயம் தாங்காது என்றார்கள். அங்கே தந்த கஞ்சியை மாமி ஏறிட்டும் பார்க்கவில்லை. வெளிச் சாப்பாடு மாமாவுக்கு ஆகாது, நானும் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, மதியத்துக்குள் வீட்டுக்குப் போயாக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வெங்கிடேஷுக்குப் போன் செய்தேன்.

"அம்மா நன்னா சாப்பிடறாளே!" என்றார். "வீடியோ கால்ல இலையைக் காட்டினா. சாப்ட்டு முடிக்கற வரைக்கும் நான் பாத்துண்டுதான் இருந்தேன்."

அதைக் கேட்டதும் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. மகன் கண்ணால் பார்த்திருக்கிறார். அப்படியென்றால் மாமி பொய் சொல்லவில்லை. அவ்வளவையும் சாப்பிட்டுக்கொண்டே ஒரு மனுஷி பட்டினியால் கரைந்துகொண்டிருக்கிறாள். அன்று சாயங்காலம் எனக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. அம்மா திட்டினாள். உன் சாப்பாட்டில் உப்பு ஜாஸ்தி, அதான் இறங்கவில்லை என்று அவள் மேல் பாய்ந்தேன். அம்மாவின் கைக்கு உப்பு எப்போதும் தாராளம்தான். ஊர் முழுக்க உப்பைக் குறைக்கச் சொல்லித் திரியும் எனக்கு, எங்கள் வீட்டு அடுப்படியில் மட்டும் செல்வாக்கு கிடையாது.

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் மதியச் சாப்பாட்டு வேளைக்கு மாமி வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. மாமி என்னைப் பார்த்துத் திடுக்கிடவில்லை.

"வா. அங்க உக்காரு. பேசாதே," என்றாள்.

கூடத்துச் சுவரோரம் உட்கார்ந்தேன். தரையில் இரண்டு இலை கிடந்தது. ஒன்றின் முன்னால் மட்டும் மணை போட்டிருந்தது. மாமி இரண்டிலும் பரிமாறினாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே, கரண்டிக்குக் கரண்டி, ஒன்றுக்கொன்று பிசகாமல். கடைசியாக நெய்யை விட்டுவிட்டு, தள்ளிப் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

மணை போட்ட இலைக்குப் பக்கத்தில் தரையில் ஈரம் தெரிந்தது. நீர் சிந்தியிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். அந்த ஈரம் நகர்ந்தது. மெல்லிய கோடாக, இலையின் வலது ஓரத்திலிருந்து கிளம்பி, மெதுவாக வளைந்து, இலையைச் சுற்றி வந்து, கிளம்பிய இடத்திலேயே சேர்ந்தது. அந்த வீட்டு ஆண்கள் சாப்பிட உட்காரும்போது மந்திரம் சொல்லி இலையைச் சுற்றி நீர் விடுவார்களே, அதுதான். பெண்கள் அதைச் செய்வதில்லை. மாமி தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் கையில் தண்ணீர்ப் பாத்திரம்கூட இல்லை.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். சுவரில் ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

இலையில் சோறு குறையவில்லை, எதுவும் அசையவும் இல்லை. ஆனால் நெய் வாசனை போயிற்று. பிறகு ரசத்தின் வாசனை போயிற்று. வீட்டைப் பூட்டிக் கிளம்புகிறவர் ஒவ்வொரு அறையாக விளக்கை அணைத்துக்கொண்டு வருவது மாதிரி, ஒவ்வொன்றாக அணைந்தது. சாம்பாரின் நிறம் வெளிறியது. "இன்னொரு போளி போடட்டுமா?" என்று மாமி மெதுவாகக் கேட்டாள். கொஞ்சம் காத்திருந்துவிட்டு, அந்த இலையில் ஒன்று போட்டாள். டப்பாவுக்கான இலையிலும் மறக்காமல் ஒன்று போட்டாள்.

தரையில் ஈரம் காய்ந்ததும் மாமி போய் அந்த மணையில் உட்கார்ந்தாள். அதே இலையில் சாப்பிட ஆரம்பித்தாள். பசி தாங்காதவள் மாதிரி வேகவேகமாக அள்ளிப் போட்டுக்கொண்டாள். எனக்கு என்ன துணிச்சலோ, கிட்டே போய் அந்த இலையிலிருந்து போளியில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தேன். ஈரக் காகிதத்தை மெல்வதுபோல இருந்தது. இனிப்பு இல்லை, ஏலக்காய் இல்லை, நெய் இல்லை. எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்தேன். புளிக்கவில்லை, உறைக்கவில்லை.

"மாமி, இதுல ஒண்ணுமே இல்லையே!"

"இருந்தது. அவர் சாப்ட்டுட்டார்."

"பக்கத்து இலையில அம்புட்டும் இருக்குல்ல? அதைச் சாப்பிட்டா என்ன?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவர் சாப்ட்ட இலையிலதான் நான் சாப்பிடறது. இனிமேயா மாத்தப்போறேன்?"

"இந்தக் காலத்துலயும் எச்சி இலையா மாமி?" என்று கேட்டேவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "உனக்குப் புரியாது, கொழந்தே. தினமும் ரெண்டு இலை போடுன்னு நீதானே சொன்னே? போட்ட அன்னிக்கே வந்து உக்காந்துட்டார்."

சாப்பிட்டு முடித்து இலையைத் தன் பக்கமாக மடித்தாள். காரியத்தன்று இலையை மடிக்கவைத்து அவரைப் போகாதே என்று நிறுத்தி வைத்தது அவள். உட்கார இடம் காட்டியது நான்.

அன்றே மாமியை ஆய்விலிருந்து எடுத்துவிட்டு டப்பாவையும் கையோடு கொண்டுவந்துவிட்டேன். காரணம் கேட்ட டாக்டர் சபீனாவிடம் மாமியின் உடம்பு தாங்காது என்று சொன்னேன், அது உண்மையும்கூட. இனி ஒரு இலைதான் என்று மாமியிடம் சத்தியம் வாங்கினேன். மறுபடி போனபோது ஒற்றை இலைதான் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைச் சுற்றி ஈரக்கோடு வளைந்தது. இலையே வேண்டாம் என்று தட்டில் போட்டுக் கொடுத்துப் பார்த்தேன். மாமி வைத்த கஞ்சியை டம்ளரில் ஆற்றிக் கொடுத்தேன். ஒரு பழத்தை உரித்துக் கொடுத்தாலும் அவருக்குக் காட்டாமல் மாமி வாயில் வைக்கமாட்டாள், காட்டினால் அது பழம் இல்லை. அந்த வீட்டு அடுப்பில் வெந்தது எதுவானாலும் அவர் முந்திக்கொண்டார். மாமியின் வாய்க்கு வெறும் சக்கைதான் போய்ச் சேர்ந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை நான் போனபோது மாமி கூடத்தில் தூணில் சாய்ந்து கிடந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. அப்படியும் சுவரைப் பிடித்துப் பிடித்துச் சமைத்து, பழையபடி இரண்டு இலை போட்டுப் பரிமாறியிருந்தாள். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி விட்டு விட்டு அடித்தது. வெங்கிடேஷ் மறுநாள் வருவதாக இருந்தது. அதுவரை இந்த உயிர் தாங்காது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வெளியே ஐப்பசி மாதத்துத் துலா மழை வானம் பிளந்த மாதிரி கொட்டியது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். தம்பானூரில் தண்ணீர் ஏறி வண்டிகள் நிற்கின்றன, வர நேரமாகும் என்றார்கள்.

மணைக்கு முன்னால் இருந்த இலையைச் சுற்றி ஈரக்கோடு பளபளத்தது. எனக்குப் பயமெல்லாம் போய் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆளில்லாத மணையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். பத்தியத்தை மீறும் நோயாளிகளிடம் பேசிப் பேசிப் பழகிய வாய்.

"மாமா, போதும். உங்களுக்கு உப்பு போடாதது அவங்க குத்தமில்ல. நீங்க இருக்கணும்னுதான் அளந்து அளந்து போட்டாங்க. இப்போதான் வயிறு நெறையத் தின்னாச்சே, இன்னும் என்ன? இப்பிடியே அவங்க பங்கையும் தின்னீங்கன்னா அவங்க செத்துருவாங்க. தெரியுதா உங்களுக்கு?"

எனக்குப் பின்னாலிருந்து மாமி பேசினாள். குரலில் வருத்தமே இல்லை.

"அது அவருக்குத் தெரியும். அதுக்குத்தான் சாப்பிடறார்."

நான் திரும்பினேன்.

"அவருக்குத் தனியா இருக்க முடியலை. சீக்ரம் வந்துடுன்னு சொல்றார். எதையும் நேரே கேக்கமாட்டார், எப்பவுமே அப்படித்தான்." லேசாகச் சிரித்தாள். "எனக்கும் முதல்ல சந்தோஷமாத்தான் இருந்தது."

"இப்போ?"

மாமி முற்றத்தில் விழும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பசிக்கறது, ஷிஜா," என்றாள். அதுவரை அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ரொம்பப் பசிக்கறது."

எதைக் கொடுப்பேன்? அடுப்படியில் இருப்பதெல்லாம் அவருடையது. அப்போதுதான் தோளில் தொங்கிய பை நினைவுக்கு வந்தது. அதில் அம்மா கட்டித்தந்த டிபன் பாக்ஸ் இருந்தது. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் கிடையாது. தயிர்ச்சோறும், கொள்ளில் அரைத்த காணத்துவையலும்தான். முதல் நாள் மாமி சொன்னதும் கூடவே நினைவுக்கு வந்தது. வேற்று மனிதர் சமைத்ததை அவர் கையால் தொடமாட்டார்.

மூடியைத் திறந்தேன். துவையலின் பூண்டு வாசனை கூடம் முழுக்கப் பரவியது. காற்றே இல்லாமல் மணைக்கு முன்னால் இருந்த இலையின் ஓரம் படபடத்தது.

"இது எங்கம்மா மாடம்மாள் பொங்கினது மாமி. பூண்டு இருக்கு. எங்க வீட்டு அடுப்புல வெந்தது. மாமா இதைத் தொடமாட்டார். நீங்க தொடுவீங்களா?"

மாமி டிபன் பாக்ஸைப் பார்த்தாள். மணையைப் பார்த்தாள். அவள் உதடு எதையோ முணுமுணுத்தது, அவரிடம் சொல்கிறாளா தனக்கே சொல்லிக்கொள்கிறாளா என்று தெரியவில்லை. நான் இலையையும் தட்டையும் தேடிப் போகவில்லை. சோற்றை உருட்டி, நடுவில் குழித்து, துவையலை வைத்தேன்.

"கையை நீட்டுங்க மாமி."

மணை கிறீச்சென்று தரையில் இழுபட்டது. சாப்பாட்டின் நடுவே யாரோ கோபத்தோடு எழுந்தால் இழுபடுமே, அப்படி. மாமி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிறகு வலது உள்ளங்கையை என் முன்னால் விரித்தாள்.

உருண்டையை வைத்தேன். வாயில் போட்டு மெதுவாக மென்றாள். நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழுங்கினாள். முகத்தைச் சுளித்தாள்.

"உப்பு ஜாஸ்தி," என்றாள்.

எந்த ஆய்வு முடிவைக் கேட்டும் நான் அப்படி அழுததில்லை. மாமியும் அழுதாள். அழுதுகொண்டே, "உங்கம்மாட்ட சொல்லு, இத்தனை உப்பு உடம்புக்கு ஆகாது," என்றாள்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. பச்சை இலை மடங்கி அதன் நடுநரம்பு முறியும் சத்தம். இருவரும் திரும்பிப் பார்த்தோம். மணைக்கு முன்னால் இருந்த இலை, பரிமாறியது பரிமாறியபடியே, மடிந்து கிடந்தது. எதிர்ப்பக்கமாக மடிந்து கிடந்தது.

மாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறந்தது. கூப்பிட்டுவிடுவாளோ என்று பயந்தேன். ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் அவர் திரும்பி வந்து உட்கார்ந்திருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவள் கூப்பிடவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெறும் உள்ளங்கையை மறுபடி என் பக்கம் நீட்டினாள்.